தேய்க்காமலே மின்னும் விளிம்பு

அக்ரிலிக் தகட்டை ரம்பத்தால் அறுத்தால் விளிம்பு வெளிறிச் சொரசொரப்பாக நிற்கும். உப்புத்தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டால்தான் பளபளப்பு வரும். அதையே கார்பன் டை ஆக்சைடு லேசரில் வெட்டினால், கண்ணாடி போன்ற விளிம்பு கைபடாமலே கிடைக்கும். ஆனால் எல்லா வெட்டும் அப்படி அமைவதில்லை. ஒரு பெயர்ப்பலகை மின்னுகிறது; இன்னொன்றில் வரி வரியாகக் கோடு விழுந்து, அடியில் பிசிறு தொங்குகிறது.

இந்த லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அதன் கதிர் நம் கண்ணுக்குத் தெரியாது. நமக்குத் தெளிந்த நீர்போலத் தெரியும் அக்ரிலிக்கோ அந்தக் கதிருக்குச் சுவர். வெப்பம் முழுவதும் மேற்பரப்பிலேயே இறங்க, பிளாஸ்டிக் ஆவியாகிறது. வெட்டின் இரு பக்கமும் மெல்லிய உருகிய படலம் ஒன்று மிஞ்சுகிறது. உறைவதற்கு முன் பரப்பு இழுவிசை அதை இழுத்துச் சமப்படுத்திவிடுகிறது. விளிம்பு மின்னுவது இதனால்தான்.

அந்தப் படலத்தைக் கலைக்காமல் விடுவதே இயந்திரம் ஓட்டுபவரின் கைத்திறன். முதல் எதிரி, வெட்டும் இடத்தில் இயந்திரம் ஊதும் காற்று. மரத்துக்கு வைப்பதுபோலப் பலமாக ஊதினால் உருகியது அலையலையாய் உறைந்து, விளிம்பு பனிமூட்டம்போல் மங்கிவிடும். அடியோடு நிறுத்தினாலோ ஆவி தீப்பிடிக்கும். லென்ஸைப் புகையிலிருந்து காக்கும் அளவுக்கு மெல்லிய காற்று போதும். இயந்திரத்தை விட்டு நகரவே கூடாது.

அடுத்து துடிப்பு. லேசர் விட்டு விட்டு எரிவதால், துடிப்புகள் இடைவெளியோடு விழுந்தால் பல் பல்லாய்த் தெரியும். அக்ரிலிக்குக்கு நொடிக்கு 5,000 துடிப்புக்கு மேல் வைப்பது வழக்கம். தகடு தடிமனாக இருந்தால் குவியத்தைத் தடிமனின் உள்ளே சற்று இறக்க வேண்டும். மேற்பரப்பிலேயே வைத்தால் வெட்டு அடியில் சரிந்துவிடும்.

பொருளும் முக்கியம். வார்த்தெடுத்த அக்ரிலிக் சுத்தமாக ஆவியாகும். அச்சில் பிதுக்கியெடுத்த மலிவான வகை அதிகம் உருகி, அடியில் பிசிறு விடும். பாலிகார்பனேட் பழுப்பாகக் கருகும். பிவிசியை லேசரில் வைக்கவே கூடாது: அது கக்கும் ஹைட்ரஜன் குளோரைடு இயந்திரத்தை அரிப்பதோடு, மூச்சையும் கெடுக்கும்.

வெட்டிய சூட்டோடு ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பதும் ஆபத்து. உறைந்த படலத்துக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். ஆல்கஹால் பட்டதும் விளிம்பெங்கும் மயிரிழை விரிசல்கள் ஓடும். 80 டிகிரி செல்சியஸ் அளவில் சில மணி நேரம் சூடாக்கி, மெல்ல ஆறவிட்டால் அந்த இறுக்கம் தளரும். துடைப்பதற்கு மிதமான சோப்புத் தண்ணீரே போதும்.