இதயத்துக்குத் தோள் கொடுத்த முதுகு

"ஹார்ட் பெரிசாயிடுச்சாம்." கிண்டியில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை போன்ற இடங்களில் இப்படி ஒரு பேச்சு காதில் விழக்கூடும். இதயம் பெரிதானால் பலம் கூடுவதில்லை, குறைகிறது. சுவர் தளர்ந்து அறை விரிகிறது. விரிய விரியச் சுவரின் மேல் இழுவிசை ஏறி, இன்னும் விரிகிறது.

1985-இல் பாரிஸ் அறுவை மருத்துவர் அலென் கார்பென்டியர் இதற்கு ஒரு துணிச்சலான வழி கண்டார். இடப்பக்க முதுகின் அகன்ற தசையை, அதன் ரத்தக் குழாயும் நரம்பும் அறுபடாமல் பிரித்து, விலா எலும்பில் ஒரு துண்டை நீக்கிய வழியாக மார்புக்குள் கொண்டுவந்து, ஒவ்வொரு துடிப்பிலும் அழுத்தி உதவும்படி இதயத்தைச் சுற்றிப் போர்த்தினார். சொந்தத் தசை என்பதால் உடல் நிராகரிக்கும் பயமில்லை.

ஆனால் முதுகுத் தசை சற்று உழைத்தால் ஓய்வு கேட்கும். இதயமோ நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்க வேண்டும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது: தசையைப் பழக்கலாம்! வாரக்கணக்கில் மெல்ல மின்தூண்டல் கொடுத்தால், சீக்கிரம் களைக்கும் இழைகள் களைக்காத இழைகளாகவே மாறிவிடும். அறுவைக்குப் பின் இரண்டு வாரம் தசைக்கு ஓய்வு. பிறகு பேஸ்மேக்கர் போன்ற கருவி, இதயத் துடிப்பைக் கவனித்து, அதோடு இசைந்து தசையைத் தூண்டும். ஒற்றை மின்துடிப்புக்கு இந்தத் தசை வெடுக்கென்று துள்ளி அடங்கிவிடும் என்பதால், துடிப்புகளைக் கொத்தாக அனுப்ப வேண்டும். பயிற்சி முடியக் கிட்டத்தட்ட இரண்டு மாதம்.

அந்த இரண்டு மாதம்தான் வினையாயிற்று. நோய் மிகவும் முற்றியவர்களால் அதுவரை தாக்குப்பிடிக்க முடியவில்லை. உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குச் செய்து பார்த்தார்கள். மூச்சிரைப்பு குறைந்ததாகப் பலர் சொன்னாலும், இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு பெரிதாகக் கூடவில்லை. ஆயுள் நீண்டதற்கும் உறுதியான சான்று கிடைக்கவில்லை. தசை அழுத்தியதைவிட, மேலும் விரியாமல் இறுக்கிப் பிடித்ததே உதவியது என்ற எண்ணம் வலுத்தது. பிறகு தசைக்குப் பதில் வலை உறை மாட்டியும் சோதித்தார்கள்.

2000-க்குள் இந்த அறுவை ஏறக்குறைய வழக்கொழிந்தது. நல்ல மருந்துகளும், இதயத்துக்கு உதவும் பம்புகளும், மாற்று இதய அறுவையும் அதன் இடத்தைப் பிடித்தன. இவற்றில் மருந்து, நோய் முற்றும் முன்பே தொடங்கினால் நன்றாகக் கேட்கும். படுத்தால் மூச்சு முட்டுகிறதா, கால் வீங்குகிறதா? தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்த்து எக்கோ என்ற இதய ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.