புளிப்பு அப்பிளின் பெருமை

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்பது நம்மவர் பழமொழி. நூலுக்கும் சேலைக்கும் அது பொருந்துக. அப்பிள் மரத்துக்கு அது பொருந்துவதில்லை. தேன்போல் இனிக்கும் அப்பிள் ஒன்றைத் தின்று, அதன் விதைகள் ஐந்தை ஐந்து குழிகளில் இட்டு வளர்த்தால், வரும் மரங்களுள் ஒன்றேனும் தாயின் பழத்தை அப்படியே தராது. ஒன்றன் காய் நெல்லிக்காய்போற் சிறுத்துப் புளிக்கும். ஒன்று துவர்க்கும். ஒன்று சுவையே இன்றி மாவாய்க் கிடக்கும். எங்கோ ஒரு விதை மாத்திரம், உலகம் அதுகாறும் அறியாத புதுச்சுவை ஒன்றைக் கொண்டு பிறக்கும்.

காரணம் யாது? அப்பிட் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தான் ஏற்பதில்லை. வேறு வகை மரத்தின் மகரந்தத்தைத் தேனீ கொணர்தல் வேண்டும். பழத்தின் நடுவே ஐந்து அறைகள், அவற்றுள்ளே விதைகள். அவ்விதைகளுக்குத் தாய் ஒன்றே. தந்தையர் பலராதலும் கூடும். ஆதலின் ஒவ்வொரு விதையும் ஒரு தனிப்பிறவி.

அங்ஙனமாயின், ஒரே பெயரால் விற்கப்படும் அப்பிள்கள் யாவும் ஒரே சுவையாய் இருப்பது எவ்வாறு? ஒட்டினால் என்க. ஒட்டுமா வளர்க்கும் நமக்கு இது புதிதன்று. மரம் இலையுதிர்த்து உறங்கும் பனிக்காலத்தில், பென்சிற் பருமனுள்ள ஓராண்டுக் கொம்பை வெட்டி வைப்பார்கள். குளிர் நீங்கும் வேளையில், வேரோடு நிற்கும் வேறோர் இளமரத்தின் தண்டிலே அதனைப் பொருத்திக் கட்டுவார்கள். பட்டையின் கீழுள்ள பச்சைப் படைகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் ஒட்டுப் பிடிக்கும். இவ்வாறு கை மாறிக் கை மாறி வருவதே ஓர் அப்பிள் வகையின் ஆயுள். ஏடுகளுக்கும் இதுவே விதியாயிருந்தது. பெயர்த்தெழுதுவார் உள்ளவரை நூல் வாழ்ந்தது; எழுதுவார் அற்றபோது செல்லரித்து மாய்ந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றியதன் அருமையை அறிந்தவர்க்கு, ஒட்டுக் கட்டுவோனின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆனால் ஒட்டு, உள்ளதைக் காக்குமேயன்றிப் புதியதைப் படைக்காது. படைப்பது விதை. விதையிற் பிறப்பனவோ பெரும்பாலும் புளிப்பானவை. அவற்றை வெட்டி எறியாமல் ஒருவர் சுவைத்துப் பார்த்ததனாலேயே புகழ்பெற்ற பல பழங்கள் நமக்குக் கிடைத்தன.

இங்கிலாந்திலே நொட்டிங்காம் மாகாணத்துச் சவுத்வெல் என்னும் சிற்றூரில், மேரி ஆன் பிரெயில்ஸ்போட் என்ற சிறுமி 1809ஆம் ஆண்டிற் சில அப்பிள் விதைகளை ஊன்றினாள். அவற்றுள் ஒன்று மரமாயிற்று. 1846இல் மத்தியூ பிறம்லி என்னும் இறைச்சி வணிகர் அந்த வீட்டை வாங்கினார். 1856இல் ஹென்றி மெரிவெதர் என்னும் பதினேழு வயது இளைஞர் அம்மரத்தின் கொம்புகளை ஒட்டுக்குக் கேட்டார். தம் பெயரையே பழத்துக்கு இடவேண்டும் என்ற நிபந்தனையோடு பிறம்லி இசைந்தார். அங்ஙனமே அது 'பிறம்லி' ஆயிற்று. இன்று இங்கிலாந்தின் சமையல் அப்பிள்களுள் தலையாயது அதுவே. விதையிட்ட மேரி ஆனோ 1852இலேயே இறந்துவிட்டாள். தன் கை விதை பெற்ற புகழ் எதுவும் அவள் செவிக்கு எட்டவில்லை.

நம் கடைகளிற் கிடைக்கும் பச்சை அப்பிளான 'கிறானி ஸ்மித்' பிறந்த கதையும் இத்தகையதே. அவுஸ்திரேலியாவிற் சிட்னி நகரையடுத்த ஈஸ்ற்வுட்டில் வாழ்ந்த மரியா ஆன் ஸ்மித் என்னும் மூதாட்டி, தம் தோட்டத்தில் தானாக முளைத்த கன்று ஒன்றைப் பேணி, 1868இல் அதன் காயைப் பிறருக்குக் காட்டினார். ஈராண்டிற்குள் அவரும் மறைந்தார். கொழும்பிலே பச்சை அப்பிள் கடிக்கும் ஒவ்வொருவரும் அந்தக் கிழவியின் ஒற்றை மரத்தையே இன்றும் கடிக்கின்றனர்.

சென்ற ஆண்டு ஐப்பசியில், மகளைப் பார்க்க இங்கிலாந்து சென்றிருந்தேன். மருமகன் என்னைக் கென்ற் மாகாணத்துப் புறொக்டேலுக்கு அழைத்துச் சென்றார். தேசியப் பழமரத் தொகுதி அங்கே உள்ளது. 2,000க்கு மேற்பட்ட அப்பிள் வகைகளைப் பெயர்ப் பலகையோடு வரிசை வரிசையாக வளர்க்கிறார்கள். துண்டு துண்டாக நறுக்கி வைத்திருந்த பழங்களைச் சுவைத்துக்கொண்டே நடந்தோம். 'அஷ்மீட்ஸ் கேணல்' என்பது 1700ஆம் ஆண்டளவிற் குளொஸ்ரர் நகரில் விதையிலிருந்து தோன்றியது. தோல் பழுப்பாய், சொரசொரப்பாய், பார்வைக்கு அழகற்றதாய் இருந்தது. வாயில் இட்டதும் புளிப்பு முன்னே வந்தது. இனிப்புப் பின்னே வந்தது. விழுங்கிய பின்னும் ஒரு வாசனை நின்றது. கடைப் பழங்களில் அவ்வரிசையை நான் கண்டதில்லை. அவை இனிப்போடு தொடங்கி இனிப்போடு முடிவன.

வீடு திரும்பும் வழியிற் பிறம்லி சில வாங்கினோம். நான் ஒன்றை நறுக்கத் தொடங்கியதும் மருமகன் தடுத்தார். "மாமா, இது சமைக்கிற பழம். பச்சையாய்த் தின்ன ஏலாது" என்றார். "மாங்காய் தின்ற வாய்க்கு இது பெரிய காரியமோ, தம்பி?" என்று கேட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றேன். மகளும் வந்து பங்கு கேட்டாள். தட்டு வெறுமையாகச் சிறிது நேரமே சென்றது.

புளிப்பைச் சுவைப்பதற்கும் ஒரு முறை உண்டு. அமெரிக்க எழுத்தாளர் தோரோ, 1862இல் வெளிவந்த காட்டு அப்பிள் பற்றிய கட்டுரையில் அதனைக் கூறுகிறார். குளிர்காற்றில் நடந்துகொண்டு தின்னும்போது இன்பந்தரும் காட்டுப்பழம், வீட்டினுள் வைத்துத் தின்றால் வாயைக் கூசச் செய்யும் என்பது அவர் கருத்து. பழத்தோடு பசியும் நடையும் காற்றும் சேர்ந்தே சுவையாகின்றன.

அப்பிள் மது வடிப்போர் பழங்களை இன்னும் நுட்பமாக வகுப்பர். பிரிஸ்ரல் நகரையடுத்த லோங் அஷ்ரன் ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த பிரிவுகள் நான்கு: இனிப்பு, கைப்பினிப்பு, புளிப்பு, கைப்புப்புளிப்பு. சாற்றின் நூறு பங்கில் 0.45 பங்குக்கு மேல் அமிலமிருந்தாற் புளிப்பு, 0.2 பங்குக்கு மேல் தனின் என்னும் பொருளிருந்தாற் கைப்பு. தனின் நாவை இழுத்துப் பிடிப்பது. அதனை ஆங்கிலேயர் கைப்பின்பாற் படுத்தினர். துவர்ப்பு எனத் தனிச்சுவை ஒன்றை வகுத்து, அறுசுவை எண்ணிய நம்முன்னோர் வழி இவ்விடத்திற் கூர்மையானது. புளிப்புக்கு ஏதுவான அமிலத்தைச் சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் ஷீலே 1785இல் அப்பிட்சாற்றிலிருந்தே பிரித்தெடுத்தார். அப்பிளின் இலத்தீன் பெயராலேயே அது மாலிக் அமிலம் எனப்பட்டது. சேமித்து வைக்கும்போது பழம் மூச்செறிந்து இவ்வமிலத்தைச் செலவிடும். ஐப்பசியிற் பறிக்கும்போது பல்லைக் கூசச் செய்யும் பழங்கள் சில, தை மாதத்தில் இதமாவது இதனாலேதான்.

இனி, இப்பழங்களின் மூலவூர் எது? கசகஸ்தான் நாட்டுத் தியன்சான் மலைச்சாரல். 1929இல் இரசிய அறிஞர் வவிலோவ் அங்கே சென்று, மலையடிவாரத்திற் காடாக நின்ற அப்பிள் மரங்களைக் கண்டார். அப்பிளின் பிறப்பிடம் இதுவே எனத் துணிந்தார். பயிர்வித்துக்களைத் தேடி உலகெங்கும் நடந்த அப்பெரியார், 1940இற் கைது செய்யப்பட்டு, 1943இற் சிறையிலே மாண்டார். 2010இல் அப்பிளின் மரபணுத் தொகுதியை வாசித்தவர்கள் அவர் துணிபை உறுதி செய்தனர். அக்காட்டில் ஒரு மரத்தின் பழம் மற்றொன்றின் பழத்தை ஒவ்வாது. நகரும் வயலும் மேய்ச்சலும் அக்காட்டைப் பெரிதும் குறைத்துவிட்டன. 2007இல் இவ்வினம் ஆபத்துக்குட்பட்டதெனச் சிவப்புப் பட்டியலிற் பதியப்பட்டது.

காட்டுப் புளிப்பு அழிந்தால் நமக்கென்ன என்பார்க்கு ஒரு விடை உண்டு. அப்பிளுக்குப் பொருக்கு நோய் என ஒரு காளான் நோய் வரும். இனிப்புக்காகத் தெரிந்தெடுத்த மரங்களுட் பல அதற்கு எளிதில் இரையாவன. ஜப்பானிலிருந்து சென்ற அழகு மரமொன்று, சுண்டங்காய் அளவினதான காய் தருவது, அந்நோயை எதிர்த்து நின்றது. 1914இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் அதனை நல்லப்பிளோடு கலந்தனர். தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து, 1970இற் 'பிறீமா' என்னும் நோய் தாங்கும் வகையை வெளியிட்டனர். தின்னத் தகாதது எனத் தள்ளப்பட்ட காயிலிருந்தன்றோ தின்னும் பழத்துக்குக் காவல் வந்தது!

சவுத்வெல்லின் மூலமரம் 1900இற் புயலில் வீழ்ந்து, கிடந்தபடியே மீண்டும் தளிர்த்தது. பின்னர்க் காளான் நோய் அதனைப் பற்றிற்று. நொட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் 1990களில் அதன் இழையத்திலிருந்து கன்றுகள் வளர்த்து வைத்தனர். அந்த மரம் ஒருநாள் சாயினும் அதன் கொம்புகள் பல்லாயிரம் தோட்டங்களில் நிற்கும். தியன்சான் சாரலிற் பெயரின்றி நிற்கும் மரங்களுட் பலவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவற்றின் கொம்பை எவரும் கேட்கவில்லை. அவை வீழ்ந்தால், அவற்றோடு ஒழியும் சுவை எது, எந்த நோய்க்கு அதில் மருந்து இருந்தது என்று சொல்லவும் ஆள் இராது.