99 என்ற எண்ணுக்குள் ஒரு ஆட்டக்காரர்

சென்னை கே.கே. நகரில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் இருந்த காலத்தில், பள்ளி விட்டு வரும் பையன்கள் காசு சேர்த்து உட்கார்ந்து ஆடிய கேம் 'கிரிக்கெட் 07'. இஏ ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 2006 கடைசியில் வெளியிட்டது. இந்திய அணிக்கு உரிமம் வாங்காததால் நம் ஆட்டக்காரர்களின் பெயர்கள் எழுத்து மாறித் திரிந்து கிடக்கும். ஆனாலும் எந்தப் பையனும் குழம்பியதில்லை. எத்தனையாவது ஆளாக இறங்குகிறார், எந்தக் கையால் ஆடுகிறார், என்ன வேகத்தில் பந்து போடுகிறார் என்று பார்த்ததுமே ஆள் யாரென்று சொல்லிவிடுவார்கள். பெயரை அழித்தாலும் ஒரு மனிதரை அடையாளம் காட்டும் வலு சில எண்களுக்கு உண்டு. அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன, எதை விட்டுவிடுகின்றன என்பது விளையாட்டு அறிவியலில் என்னை மிகவும் ஈர்க்கும் கேள்வி.

இந்த எண் கணக்கை வெகுதூரம் கொண்டுபோனது அதே நிறுவனத்தின் 'மேடன்'. அமெரிக்கன் ஃபுட்பாலைக் கணினிக்குக் கொண்டுவந்த கேம். முதல் பதிப்பு 1988-இல் வந்தது. பெயர் கொடுத்த ஜான் மேடன், ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியைச் சாம்பியனாக்கிய பயிற்சியாளர். அன்றைய கணினியின் திறனுக்கு அணிக்கு ஆறேழு பேர் போதும் என்று நிறுவனம் நினைத்தது. பதினொரு பேர் இல்லாவிட்டால் அது ஃபுட்பாலே இல்லை என்று மேடன் பிடிவாதம் பிடித்தார். அவர் சொன்னது சரி. அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் வெவ்வேறு உடம்பு வேண்டும். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்குத் தோளும் கண்ணும் முக்கியம். அவரைக் காத்து நிற்கும் லைன்மேனுக்கு 130, 140 கிலோ எடையும் அதைத் தள்ளும் வலுவும் வேண்டும். ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவருக்கு வேகம் வேண்டும். புது ஆட்டக்காரர்களைச் சோதிக்கும் முகாமில் 40 கஜ ஓட்டம் வைப்பார்கள். சேவியர் வொர்த்தி 2024-இல் அதை 4.21 நொடியில் ஓடி சாதனை படைத்தார்.

வேகம், வலு, எறியும் துல்லியம், ஆட்டத்தைப் படிக்கும் அறிவு என்று கேமில் ஒவ்வொருவருக்கும் பல எண்கள். உச்சம் 99. இவற்றையெல்லாம் சேர்த்து ஒரே மொத்த ரேட்டிங்காகக் காட்டுவார்கள். இது வெறும் கூட்டல் சராசரி அல்ல. நம் ஊர் கட்ஆஃப் கணக்குத் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குப் போடுகிறோம். நீட் வருவதற்கு முன் மருத்துவத்துக்குக் கணிதம் இருந்த இடத்தில் உயிரியல் வந்து உட்காரும். மாணவி ஒருத்திதான், மதிப்பெண் பட்டியலும் ஒன்றுதான், கட்ஆஃப் மட்டும் இரண்டு. மேடனிலும் ஒரே ஆட்டக்காரரை வேறு இடத்துக்கு மாற்றினால் மொத்த எண் மாறிவிடும். எந்தத் திறனுக்கு எவ்வளவு எடை என்பது இயற்கை வகுத்ததல்ல. யாரோ சிலர் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு. மொத்த எண்ணை மட்டும் பார்த்துச் சண்டை போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இத்தனை நுணுக்கமாகப் போட்டாலும் எண் ஒன்றைத் தவறவிடுகிறது: தருணம். ஒரு பருவம் முழுக்கச் சுமாராக ஆடியவர் ஒரு மாலையில் எழுந்து நின்றுவிடுவார். இதைப் பிடிக்கத்தான் 2019-இல் வந்த 'மேடன் 20'-இல் எக்ஸ்-ஃபேக்டர் என்ற சிறப்புத் திறன்களைச் சேர்த்தார்கள். மிகச் சிலருக்கே அது உண்டு, அதுவும் எப்போதும் இருக்காது. உதாரணத்துக்கு, குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் தொலைதூர எறிதலில் வெற்றி கண்டால் திறன் விழித்துக்கொள்ளும். அவருடைய எறிதூரம் கூடும். எதிரணி அவரைப் பந்தோடு மடக்கி வீழ்த்தினால் அது அணைந்துவிடும்.

உண்மையிலேயே அப்படி ஒரு நிலை உண்டா? 'இன்னைக்கு அவன் ஃபார்ம்ல இருக்கான்' என்று நாம் சொல்வதில் பொருள் இருக்கிறதா? தாமஸ் கிலோவிச், ராபர்ட் வலோன், ஏமாஸ் ட்வெர்ஸ்கி என்ற மூவர் 1985-இல் கூடைப்பந்துக் கணக்குகளை அலசி, அப்படி எதுவும் இல்லை என்றார்கள். அடுத்தடுத்துப் பந்தைக் கூடையில் போட்டவர், அதற்கடுத்த முயற்சியிலும் போடும் வாய்ப்பு கூடவில்லை. 'சூடான கை' வெறும் மனமயக்கம் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடப்புத்தகங்கள் சொல்லி வந்தன.

பிறகு ஜோஷ்வா மில்லர், ஆடம் சன்ஹுர்ஹோ என்ற இருவர் அந்தக் கணக்கிலேயே ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து 2018-இல் அச்சேற்றினார்கள். காகிதமும் பேனாவும் எடுத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு நாணயத்தை மூன்று முறை சுண்டினால் எட்டு வரிசைகள் வரும். தலை விழுந்து, அதற்குப் பின்னும் ஒரு சுண்டல் மிச்சமிருப்பவை அவற்றில் ஆறு. ஒவ்வொன்றிலும், தலைக்கு அடுத்துத் தலையே விழுந்தது எத்தனை பங்கு என்று எழுதுங்கள். மூன்று வரிசைகளில் பூஜ்யம், ஒன்றில் பாதி, இரண்டில் முழுசு. கூட்டினால் இரண்டரை, ஆறால் வகுத்தால் ஏறத்தாழ 42 சதவீதம். நாணயத்தில் எந்தக் கோளாறும் இல்லை. குறுகிய வரிசைகளைத் தனித்தனியே எண்ணிச் சராசரி எடுக்கும் முறைதான் விடையைக் கீழே இழுக்கிறது. அப்படியானால் கூடைப்பந்து வீரரிடம் சரியாக 50 சதவீதம் கண்டதே அவர் கை சூடாக இருந்ததற்குச் சான்று! பழைய தரவை இப்படித் திருத்திப் பார்த்தபோது சூடான கை மறுபடி தலைகாட்டியது. கேம் அதைப் பன்மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது என்பதே என் எண்ணம். என்றாலும் இல்லாத ஒன்றை அது கற்பனை செய்யவில்லை.

கிரிக்கெட்டிலும் அப்படி ஒரு மாலை உண்டு. 2018 ஐபிஎல் இறுதிப் போட்டியில் சென்னைக்கு இலக்கு 179. ஷேன் வாட்சன் முதல் பத்துப் பந்துகளில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. முடிவில் 57 பந்தில் 117, ஆட்டமிழக்காமல். அன்று அவருக்கு வயது 36. எந்தச் சராசரியும் இந்த இரண்டு வாட்சன்களையும் ஒரே எண்ணில் வைத்துக் காட்டாது.

இங்கே நம் ஊர் ஆய்வாளர்களின் பங்கைச் சொல்லியாக வேண்டும். கே.கே. நகரிலிருந்து கிண்டியைத் தாண்டினால் வந்துவிடும் ஐஐடி மெட்ராஸ். அங்குள்ள ஆய்வாளர்களும் கியான் டேட்டா நிறுவனமும் இஎஸ்பிஎன் கிரிக்இன்ஃபோவோடு சேர்ந்து 2019-இல் புதிய அளவீடுகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் ஒன்று, எல்லா ரன்னையும் ஒரே எடையில் எண்ணாமல், எந்த நெருக்கடியில் எடுத்தது என்று பார்த்து மதிப்புப் போடுகிறது. ஏற்கெனவே தோற்றுவிட்ட ஆட்டத்தில் எடுத்த ஐம்பதும், மூன்று விக்கெட் விழுந்தபின் எடுத்த முப்பதும் அதன் தராசில் வேறு வேறு. மேடன் ஒரு சுவிட்ச் போட்டுப் பிடிக்க முயன்ற தருணத்தை இவர்கள் பந்துக்குப் பந்து அளக்கிறார்கள். எனக்கு இந்த வழிதான் நேர்மையானதாகத் தெரிகிறது.

தனி ஆளின் எண் சரியாகவே இருந்தாலும் அணி கட்டுவது வேறு வேலை. நாமே ஆட்டக்காரர்களைச் சேர்த்து அணி கட்டும் மேடனின் 'அல்டிமேட் டீம்' பகுதியில் ஒவ்வொரு சிறப்புத் திறனுக்கும் ஒரு விலை, மொத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு. எல்லாருக்கும் எல்லாம் வாங்கிவிட முடியாது. நிஜ அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கிலும் 1994 முதல் சம்பளத்துக்கு வரம்பு உண்டு. 2024-இல் ஒரு அணிக்கு 25.54 கோடி டாலர், அதற்குள் 53 பேர். நம் ஐபிஎல் ஏலமும் இதே கணக்குத்தான். 25 பேர் கொண்ட குழுவிலிருந்து பதினொரு பேரை 44,57,400 விதமாகப் பொறுக்கலாம். குழுவில் எட்டு வெளிநாட்டவர் இருந்து, களத்தில் நால்வருக்கு மேல் கூடாது என்றால் 35,71,360. ஒரே விதியில் எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட அணிகள் கழன்றுவிடுகின்றன. மிச்சமிருப்பதில், எண்களின் கூட்டுத்தொகை அதிகமுள்ள அணி சிறந்த அணியாகவும் இருக்க வேண்டியதில்லை. நல்ல லைன்மேன் இல்லாத அணியில் 99 போட்ட குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் மண்ணில் கிடப்பார். சென்னை சூப்பர் கிங்ஸ் 2025-க்கு ஐந்து பேரைத் தக்கவைக்கவே 120 கோடியில் 65 கோடியை ஒதுக்கியது. ஐவரும் பெரிய பெயர்கள். அந்தப் பருவம் அணி கடைசி இடத்தில் முடிந்தது.

விதி மாறினாலும் எண் மாறும். அமெரிக்க லீக் 2024-இல் ஆட்டத்தைத் தொடங்கும் உதை முறையை மாற்றியதும், அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடுகிறவர்களுக்கு மதிப்பு கூடியது. ஐபிஎல்லில் 2023-இல் இம்பாக்ட் பிளேயர் விதி வந்ததும் நேரெதிராக நடந்தது. பாதி ஆட்டத்தில் ஒருவரை இறக்கி இன்னொருவரை ஏற்றலாம் என்றானபின், மட்டையும் பந்தும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. ஷிவம் துபேக்கும் நம் வாஷிங்டன் சுந்தருக்கும் பந்து வீச வாய்ப்பே கிடைப்பதில்லை என்று ரோஹித் சர்மா 2024-இல் வெளிப்படையாகவே குறைபட்டார். சுந்தரின் ஆஃப் ஸ்பின் அதே ஆஃப் ஸ்பின்தான், மட்டை அதே மட்டைதான். அந்த இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்துவந்த எடையைத்தான் ஒரு புது விதி குறைத்துவிட்டது.