வெற்று லெட்டர்பேடில் கையெழுத்துப் போடாதீர்கள்

ஆடித் தள்ளுபடி, அட்சய திருதியை, தீபாவளி என்று கடைகள் மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்பும் பருவம் வந்தால் ஒரே தவறு ஊருக்கு ஊர் நடக்கிறது. பல்க் எஸ்.எம்.எஸ். ஏஜெண்ட் கடைக்கு வருகிறார். "பான் கார்டு, ஆதார், ஜி.எஸ்.டி. சர்டிபிகேட் மூணையும் வாட்ஸ்அப்ல போட்டுவிடுங்கண்ணே. லெட்டர்பேடுல சீல் வெச்சு ரெண்டு கையெழுத்து மட்டும் போடுங்க, மீதியை நாங்க பாத்துக்குறோம்" என்கிறார். ஜவுளிக்கடை, நகைக்கடை, டியூஷன் சென்டர், கிளினிக் எதுவானாலும் இதே கதைதான். ஒரு வரி கூட எழுதாத தாளில் சீல் விழுகிறது. அந்த 'மீதி' என்ன என்று முதலாளி கேட்பதே இல்லை.

அதைச் சொல்லிவிடுகிறேன். வணிக எஸ்.எம்.எஸ். தொல்லைக்கும் மோசடிக்கும் கடிவாளம் போட தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் ஒழுங்குமுறை கொண்டுவந்தது. அதன்படி, எஸ்.எம்.எஸ். அனுப்ப நினைக்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஜியோ, ஏர்டெல், வி.ஐ., பி.எஸ்.என்.எல். போன்ற ஏதாவது ஒரு டெலிகாம் நிறுவனத்தின் டி.எல்.டி. தளத்தில் ஆவணம் காட்டிப் பதிய வேண்டும். சரிபார்த்தபின் நிறுவனத்துக்கு ஒரு பி.இ. (பிரின்சிபல் என்டிட்டி) எண் கிடைக்கும். அனுப்புநர் பெயராக வரும் ஹெட்டர், செய்தியின் வாசகமான டெம்ப்ளேட் இரண்டையும் அதன் கீழ் பதிய வேண்டும். டி.எல்.டி. என்பது பிளாக்செயின் வகைப் பதிவேடு. ஓரிடத்தில் பதிந்தால் எல்லா டெலிகாம் நிறுவனங்களிலும் செல்லும்.

"பிளாக்செயின்ல இருக்கு சார், யாரும் கை வைக்க முடியாது" என்று ஏஜெண்ட் சொல்வது பாதி உண்மை. ஏறிய பதிவை யாரும் கமுக்கமாக மாற்றிவிட முடியாது என்பது சரி. ஆனால் ஏற்றியவர் நீங்களா, உங்கள் பெயரில் இன்னொருவரா என்பது பதிவேட்டுக்குத் தெரியாது. ஏஜெண்ட் தன் மொபைல் எண்ணையும் தன் இ-மெயிலையும் கொடுத்துப் பதிந்திருந்தால் ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். பதிவேட்டின்படி அனுப்பியவர் நீங்கள், கணக்கை நடத்துகிறவர் அவர். தவறான பதிவும் அதே உறுதியோடு அங்கே நிற்கும். பிளாக்செயினில் திருத்தம் என்றால் புதிய பதிவு ஒன்று சேரும், அவ்வளவுதான். பழையது தடயமாகக் கிடக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2024 மே மாதம், அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் 10,000க்கும் மேற்பட்ட மோசடிச் செய்திகள் போன 8 ஹெட்டர்கள் மீது தொலைத்தொடர்புத் துறை நடவடிக்கை எடுத்தது. அந்த ஹெட்டர்களுக்கு உரிய நிறுவனங்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. அவற்றின் பெயரில் இருந்த 73 ஹெட்டர்களும் 1,522 டெம்ப்ளேட்களும் முடங்கின. உங்கள் ஹெட்டரில் ஒரு மோசடி லிங்க் போனாலும் முதலில் கேள்வி வருவது பதிவில் பெயர் உள்ளவரிடம்தான். "ஏஜெண்ட் செஞ்சது" என்றால் அதற்குக் காகிதம் எங்கே என்பார்கள்.

பதியும் முன் செய்ய வேண்டியவை:

ஒன்று, பதிவில் உங்கள் மொபைல் எண், உங்கள் இ-மெயில் மட்டுமே இருக்க வேண்டும். ஏஜெண்ட் பக்கத்தில் உட்கார்ந்து உதவட்டும். ஓ.டி.பி.யை நீங்களே அடியுங்கள்.

இரண்டு, பான் நகலின் குறுக்கே "டி.எல்.டி. பதிவுக்கு மட்டும்" என்று எழுதி, எந்த டெலிகாம் நிறுவனத்துக்கு என்பதையும் தேதியையும் சேர்த்துக் கையெழுத்திடுங்கள். எழுத்து ஓரத்தில் நிற்கக் கூடாது, பான் எண் கெடாமல் படத்தின் மேலேயே ஓட வேண்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள்.

மூன்று, ஆதார் கேட்டால், ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த 'மாஸ்க்டு ஆதார்' கிடைக்கிறது. அதைக் கொடுங்கள்.

நான்கு, லெட்டர்பேடில் தரும் அதிகாரக் கடிதத்தில் யாருக்கு, எந்த வேலைக்கு, எந்தத் தேதி வரை என்று மூன்றும் இருக்க வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், வெற்று லெட்டர்பேடு கொடுக்காதீர்கள். தெரிந்தவர், சொந்தக்காரர், பல வருடப் பழக்கம் என்றாலும் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? டி.எல்.டி. கணக்கில் நுழைந்து பாருங்கள். நுழையவே முடியவில்லை என்றால் கணக்கு உங்கள் கையில் இல்லை என்று பொருள். நுழைய முடிந்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஹெட்டர் பட்டியலில் நீங்கள் கேட்காதது இருக்கிறதா, உங்கள் பெயரில் அனுப்ப அனுமதி பெற்ற டெலிமார்க்கெட்டர்கள் யார் யார் என்று பாருங்கள். தெரியாத பெயரை நீக்குங்கள். கையோடு ஜி.எஸ்.டி. தளத்தில் 'பான் மூலம் தேடல்' பக்கத்தில் உங்கள் பான் எண்ணைப் போடுங்கள். லாகின் தேவையில்லை, கட்டணம் இல்லை. அந்தப் பானில் எங்கெல்லாம் ஜி.எஸ்.டி. பதிவு இருக்கிறது என்று தெரியும். ஒரே பான் நகல் எஸ்.எம்.எஸ். மோசடிக்கும் போலி ஜி.எஸ்.டி. பதிவுக்கும் போதும்.

கோளாறு தெரிந்தால் அன்றே டெலிகாம் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு இ-மெயிலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். இப்படி எழுதலாம்: "எங்கள் பி.இ. எண் இது. கீழ்க்கண்ட ஹெட்டர்கள், டெம்ப்ளேட்கள் எங்கள் ஒப்புதல் இல்லாமல் பதியப்பட்டவை. உடனே முடக்கவும். பதிவிலுள்ள மொபைல் எண்ணை மாற்றித் தரவும். கணக்கில் நுழைந்த விவரங்களை அழிக்காமல் பாதுகாக்கவும்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், பின்னால் சாட்சி அதுதான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011ஆம் ஆண்டு விதிப்படி குறைதீர் அலுவலர் ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். கால் சென்டரில் "நோட் பண்ணிக்கிட்டோம் சார்" என்பார்கள். அது பதில் ஆகாது. புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

மோசடிச் செய்தி போய்விட்டது என்றால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930ஐ அழையுங்கள். அடுத்தவரின் பாஸ்வேர்டையோ மின்னணுக் கையொப்பத்தையோ மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. சைபர் போலீஸுக்கும் உள்ளூர் ஸ்டேஷனுக்கும் மாற்றி மாற்றி அலைக்கழிப்பதை நம் அதிகாரிகள் இன்னும் விடவில்லை. ஆன்லைன் ஒப்புகைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போனால் அலைச்சல் குறையும்.

இழப்பீடு வேண்டுமானால் இடம் வேறு. மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர்தான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி தீர்ப்பு அலுவலர். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை அவர் விசாரிக்கலாம். அனுமதியின்றிக் கணக்கில் நுழைந்தவர் மீது 43ஆம் பிரிவிலும், வங்கி விவரம், பாஸ்வேர்டு போன்றவற்றைப் பாதுகாக்காமல் கசியவிட்ட நிறுவனத்தின் மீது 43ஏ பிரிவிலும் மனு போடலாம். இப்படி ஒரு வழி இருப்பதை எந்த அலுவலகமும் வாசலில் எழுதி வைப்பதில்லை.

2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும். உங்கள் தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமை அப்போது கிடைக்கும். அழிக்க முடியாத பதிவேட்டில் உங்கள் பெயரையும் எண்ணையும் ஏற்றிய நிறுவனம் அதற்கு எப்படிப் பதில் சொல்லும் என்பதை ஏற்றும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாதுகாப்பில் கோட்டை விட்டவருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அந்தப் பணம் அரசுக் கஜானாவுக்குத்தான் போகும், உங்களுக்கு ஒரு பைசா வராது. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வரும் அந்தக் கட்டத்தில் 43ஏ பிரிவும் நீங்கிவிடும். அதன் கீழ் மனு போட வேண்டியவர்கள் தள்ளிப்போடாமல் இப்போதே போட வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஏஜெண்டிடம் எக்செல் ஷீட்டில் கொடுத்தீர்களே வாடிக்கையாளர்களின் மொபைல் எண், பிறந்தநாள், திருமண நாள், அவை உங்கள் சொத்து அல்ல. புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் ஏஜெண்ட் கசியவிட்டாலும் பொறுப்பு உங்களுடையது. வேலை முடிந்ததும் பட்டியலை அழித்துவிட்டதாக அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் அடுத்த பட்டியலை அவருக்குக் கொடுக்காதீர்கள்.