தலைக்கவசத்துள் காற்றிரைச்சல்: ஒலிப்பதிவுக்கும் செவிக்கும் செய்ய வேண்டியவை

இருசக்கர வாகனத்தை ஓட்டியவாறே பேசி, அதைக் காணொளியாகப் பதிவு செய்யும் வழக்கம் இளைஞரிடையே பெருகியுள்ளது. இவர்கள் பெரும்பாலும் கூறும் குறை, பதிவில் தம் குரலைவிடக் காற்றின் இரைச்சலே மிகுதியாகக் கேட்கிறது என்பது. நெடும்பயணம் முடிந்த இரவில் காதில் ஓயாத ரீங்காரம் கேட்கிறது என்பது, அவர்களுள் சிலர் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் வந்து கூறும் குறை. இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம். கெட்டுப்போன ஒலிவாங்கியை மாற்றிவிடலாம். செவியை அவ்வாறு மாற்ற இயலாது. ஆகவே இவ்விரண்டையும் சேர்த்தே விளக்குவது பயனுடையது.

இரைச்சல் பிறக்கும் இடம்

மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்தால் எஞ்சின் ஒலியைவிடக் காற்றொலியே மேலோங்குகிறது. தலைக்கவசத்தின் மீது பாயும் காற்று, முகக் கண்ணாடியின் விளிம்பிலும் காற்றுத் துளைகளிலும் கழுத்தையொட்டிய கீழ் விளிம்பிலும் சிதறிச் சிறு சுழல்களாகிறது. இச்சுழல்கள் கவசத்தை அதிர வைப்பதால் உள்ளே தாழ்ந்த சுருதியில் உறுமல் எழுகிறது. கவசத்தின் ஓடும் உள்மெத்தையும் உச்ச சுருதி ஒலிகளை ஓரளவு தடுக்கும். இந்த உறுமலை அவை பெரிதும் தடுப்பதில்லை.

ஒலிவாங்கியை இக்காற்று மற்றொரு வகையிலும் தாக்குகிறது. இடுக்கு வழியாக நுழையும் சுழல், ஒலிவாங்கியின் மெல்லிய சவ்வை நேரடியாக அழுத்துகிறது. அந்த அழுத்தத்தையும் கருவி ஒலியாகவே பதிவு செய்கிறது.

எவ்வளவு ஒலி மிகுதி?

தலைக்கவசத்துள் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 90 டெசிபலும், 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 100 டெசிபலும் ஒலி இருக்கக்கூடும். வண்டிக்கும் கவசத்துக்கும் ஏற்ப இது மாறும். தொழிற்கூடங்களுக்காக அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு, 85 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் இந்நேரம் பாதியாகக் குறையும். அக்கணக்கில் 94 டெசிபலுக்கு 1 மணி நேரமும், 100 டெசிபலுக்கு 15 நிமிடங்களுமே வரம்பு. சென்னையிலிருந்து திருச்சி வரை நான்கு வழிச்சாலையில் செல்பவர் இவ்வரம்பைப் பன்மடங்கு கடந்துவிடுகிறார்.

உட்செவியில் நத்தை ஓட்டைப் போன்ற காக்ளியாவினுள், ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஏறத்தாழ 15,000 உள்ளன. மிகை ஒலியால் இவை முதலில் சோர்வடைகின்றன. பயணத்தின் பின் தோன்றும் காதடைப்பும் ரீங்காரமும் அதன் அறிகுறிகள். ஓய்வுக்குப் பின் அவை மறையலாம். அந்நிலை மீண்டும் மீண்டும் நேர்ந்தால் செல்கள் மடிகின்றன. மனிதரிடத்தில் அவை மீண்டும் முளைப்பதில்லை. மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ அவற்றை மீட்கவும் இயலாது.

இரண்டுக்கும் பயன் தருபவை

முதலாவது, பொருத்தமான அளவுள்ள முழுமுகத் தலைக்கவசம். கன்ன மெத்தை தளர்ந்திருந்தால் இடைவெளியில் காற்று புகும். இரண்டாவது, முகக் கண்ணாடியை முழுமையாக மூடுதல். மூன்றாவது, தாடைக்குக் கீழுள்ள இடைவெளியைத் தாடைத்திரை கொண்டோ, கழுத்தைச் சுற்றிய துணியுறை கொண்டோ அடைத்தல். நான்காவது, வண்டியின் முன்கண்ணாடியைச் சரிபார்த்தல். அதன் உயரம் பொருந்தாவிடில், அதன் மேல் விளிம்பில் கலைந்த காற்று நேரே தலைக்கவசத்தில் மோதி இரைச்சலைக் கூட்டும். ஐந்தாவது, வேகத்தைக் குறைத்தல். செலவில்லாததும் உறுதியாகப் பயன் தருவதும் இதுவே.

பதிவுக்கு மட்டும் பயன் தருபவை

ஒலிவாங்கியைத் தாடைப்பகுதியின் உட்புறத்தில், வாயின் ஓரத்தையொட்டி, மூச்சுக்காற்று நேரே படாதவாறு பொருத்துக. வாய்க்கு அருகில் இருக்குமளவு குரல் இரைச்சலைவிட ஓங்கும். அதன்மீது ஸ்பாஞ்சு உறையோ மென்மயிர் உறையோ இடுக. உறையினுள் காற்றின் வேகம் தணிந்து, சுழல் சவ்வை எட்டாது. ஒலிவாங்கும் அளவைத் தானியங்கியாக விடாமல் குறைத்து வைக்கவும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலியை வடிகட்டும் வசதி இருப்பின் அதைப் பயன்படுத்தவும்.

ஒலிவாங்கிக்கு இடம் வேண்டிக் கவசத்தினுள் உள்ள தெர்மாகோல் அடுக்கை வெட்டவோ குடையவோ கூடாது. விபத்தில் மோதலின் விசையைத் தாங்குவது அவ்வடுக்கே. ஐ.எஸ். 4151 தரக்குறியீடு பெற்ற கவசமும், வெட்டிய பின் அதே பாதுகாப்பைத் தராது. பதிவைப் புறப்படும் முன்பே தொடங்கிவிடுக. ஓட்டும்போது கருவியைத் தொட வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஸ்பாஞ்சு உறையும் கணினி மென்பொருளும் இரைச்சலைப் பதிவிலிருந்து நீக்குமேயன்றிச் செவியிலிருந்து நீக்குவதில்லை. காணொளியில் குரல் தெளிவாகக் கேட்பதைக் கொண்டு, செவியும் நலமாக இருப்பதாகக் கொள்ளலாகாது.

செவிக்கு மட்டும் பயன் தருபவை

நெடுஞ்சாலைப் பயணத்திற்கு நுரைக் காதடைப்பான் ஏற்றது. அதை விரல்களால் உருட்டி மெலிதாக்கி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். பஞ்சு இதற்கு ஈடாகாது. காதில் சீழ் வடிபவர்களும், செவிப்பறையில் துளை உள்ளவர்களும், காதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதனைப் பயன்படுத்த வேண்டாம். தலைக்கவசத்தினுள் ஒலிபெருக்கி பொருத்தியிருப்பவர்கள், இரைச்சலை மீறிக் கேட்பதற்காக ஒலியளவை உயர்த்துவது தீங்கை இரட்டிப்பாக்கும்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

இரைச்சலால் வரும் குறைபாடு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உச்ச சுருதியில் தொடங்குவதால், பாதிக்கப்பட்டவர் நெடுநாள் அதை உணர்வதில்லை. வீட்டிலுள்ளோர் முதலில் கவனிக்கக்கூடும். தொலைக்காட்சியின் ஒலியை வழக்கத்தைவிடக் கூட்டி வைத்தல், கூட்டத்தில் பேசுவதைத் திரும்பக் கேட்டல், காதிரைச்சலால் உறக்கம் கெடுதல் ஆகியவை இருப்பின் ஒரு கேட்டல் திறன் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். வலியற்ற இச்சோதனை அரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். ஒரு காதில் திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தால் அதை நெருக்கடியாகக் கருதி அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். சிகிச்சை தாமதமாகுமளவு பயன் குறையும்.

காற்றிரைச்சலுக்கு அஞ்சித் தலைக்கவசத்தைத் தவிர்ப்பது ஒருபோதும் தீர்வாகாது. கவசம் தலையைக் காக்கட்டும். அதனுள் இருக்கும் செவியைக் காதடைப்பானும் மிதமான வேகமும் காக்கட்டும்.