தொண்டையில் புகுந்து இதயத்தைத் தாக்கும் கிருமி!

பார்ப்பதற்குச் சாதாரணத் தொண்டை வலி. ஆனால், அது சில பிள்ளைகளின் இதயத்தையே கெடுத்து விடுகிறது!

திங்கட்கிழமை வகுப்பில் ஒரு பையனுக்குத் தொண்டை வலி. வியாழக்கிழமை, பக்கத்தில் உட்காரும் பையனுக்கும் வலி. அடுத்த வாரம் அதே பெஞ்சில் இன்னும் இரண்டு பேர் வரவில்லை.

"ஐஸ் தின்றான், அதுதான்" என்கிறார்கள் வீட்டில். ஒருவன் தின்ற ஐஸ், நான்கு பேர் தொண்டையைப் பிடிக்குமா? ஆள் விட்டு ஆள் தாவியது கிருமி!

பெயர் என்ன?

தொண்டை வலி பெரும்பாலும் வைரசால் வருவது. மூக்கு ஒழுகும், இருமல் இருக்கும், சில நாளில் தானே போய்விடும். அதைப் பற்றிக் கவலை இல்லை.

இன்னொரு வகை உண்டு. அது "ஸ்ட்ரெப்டோகாக்கஸ்" என்னும் பாக்டீரியாவால் வருவது. பெயர் வாயில் நுழையவில்லை அல்லவா? கிருமி சுலபமாக நுழைந்து விடும்! மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மணி மணியாகக் கோத்த சங்கிலி போல் இருக்கும். 1874-ல் வியன்னா நகர டாக்டர் பில்ரோத் இதைப் பார்த்து எழுதி வைத்தார். சுமார் ஆயிரம் கிருமிகளை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும்.

இது அதிகமாகப் பிடிப்பது 5 வயது முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளை. அதாவது, பள்ளிக்கூடம் போகிற வயது. திடீரென்று காய்ச்சல் அடிக்கும். எச்சில் விழுங்கினால் வலி உயிர் போகும். கழுத்தில் நெறி கட்டும். இருமல் மட்டும் பெரும்பாலும் இராது. கிருமி தொற்றி 2 முதல் 5 நாளில் இவ்வளவும் தெரியும்.

காக்காய்க் கடி

இருமும்போதும், தும்மும்போதும், உரக்கப் பேசும்போதும் வாயிலிருந்து துளிகள் தெறிக்கின்றன. அதில்தான் கிருமி பயணம் செய்கிறது. ஒரே பாட்டிலில் இரண்டு பேர் வாய் வைத்துக் குடித்தாலும் எச்சில் கலக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் மிட்டாயைச் சட்டைத் துணிக்குள் வைத்துக் கடித்துப் பங்கு போடுவார்கள். "காக்காய்க் கடி, எச்சில் இல்லை" என்பார்கள். ஈரம் துணியைத் தாண்டும். கிருமியும் தாண்டும்!

தூசியால் வருமா? இதற்கு ஒரு ராணுவ முகாம் பதில் சொன்னது. அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் வாரன் விமானப் படைத் தளம் இருக்கிறது. பள்ளிக்கூடம் போலவே அங்கேயும் இளைஞர்கள் நெருக்கமாக இருந்தார்கள். தொண்டை நோய் விடாமல் பரவியது. 1950-களில் டாக்டர்கள் அங்கே ஒரு சோதனை செய்தார்கள். நோயாளிகள் போர்த்திய, கிருமி ஒட்டிய கம்பளிகளை நல்ல உடம்புக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். என்ன ஆயிற்று? கம்பளியால் நோய் பரவவில்லை! நோயாளியின் பக்கத்தில் படுத்தவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. காய்ந்த கிருமிக்கு வலு இல்லை. ஈரமும் நெருக்கமும்தான் அதற்கு வாகனம்.

எதிரி யார்?

தொண்டை ஆறிவிட்டது. பையன் விளையாடுகிறான். இரண்டு மூன்று வாரம் ஆகிறது. திடீரென்று முழங்கால் வீங்குகிறது. அது வடிந்ததும் கணுக்கால் வீங்குகிறது. காய்ச்சலும் வருகிறது. இதுதான் வாதக் காய்ச்சல். டாக்டர்கள் "ருமாட்டிக் காய்ச்சல்" என்பார்கள்.

கிருமியின் மேல்பாகமும் நம் இதயத்தின் சில பாகங்களும் ஒரே சாயலில் இருக்கின்றன. கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பின் காவல் படை, ஆள் தெரியாமல் இதயத்தையே அடிக்கிறது! மூட்டு வீக்கம் வடிந்து விடும். இதயத்தின் வால்வு சுருங்கினால், அது பழையபடி ஆவது கஷ்டம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும்.

எல்லோருக்கும் இப்படி வராது. நோய் மும்முரமாகப் பரவும்போதுகூட, மருந்து சாப்பிடாதவர்களில் நூற்றுக்கு 3 பேர் அளவில்தான் வரும். ஆனாலும் உலகக் கணக்கைப் பாருங்கள்: 2015-ல் இந்த இதய நோயோடு வாழ்ந்தவர்கள் சுமார் 3 கோடியே 30 லட்சம் பேர். அந்த ஒரே வருஷத்தில் இறந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். நம் நாட்டில் இதற்கு ஆளானவர்கள் ஏராளம்.

பத்து நாள்

இதைத் தடுக்க மருந்து இல்லையா? இருக்கிறது. விலையும் அதிகம் இல்லை. பெனிசிலின்! அந்த வாரன் தளத்து டாக்டர்களே 1950-ல் இதை உலகுக்குச் சொன்னார்கள். தொண்டை வலி தொடங்கி 9 நாளுக்குள் மருந்தை ஆரம்பித்தால் வாதக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம். மிளகுப் பாலும் உப்புத் தண்ணீரும் தொண்டைக்கு இதம்தான். கிருமி அதற்குச் சாகாது. எந்த வகை வலி என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கடையில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரை இதற்கு உதவாது.

மருந்து ஆரம்பித்து ஒரு நாள் கழிந்து, காய்ச்சலும் விட்டிருந்தால் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பலாம். அடுத்தவருக்குத் தொற்றாது.

தவறு நடப்பது மூன்றாம் நாளில்! வலி போய்விடும். "சரியாகிவிட்டதே, எதற்கு மாத்திரை?" என்று நிறுத்தி விடுவார்கள். தொண்டையில் மிச்சக் கிருமி உயிரோடு இருக்கும். வாய்வழி மருந்தை முழுசாக 10 நாள் கொடுக்க வேண்டும் என்பது அதனால்தான்.

வாதக் காய்ச்சல் ஒரு முறை வந்த பிள்ளைக்கு மறுபடி தொண்டை நோய் வரக் கூடாது. வந்தால் வால்வு இன்னும் கெடும். அதற்காக 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி போடுகிறார்கள். பல வருஷங்களுக்கு இது தொடரும். ஊசி போடும் இடம் நன்றாக வலிக்கும். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பெரும்பாலும் லீவுதான்.