கருவிக்கு முன் கற்றல் இலக்கு

பெரு நாட்டில் 319 கிராமிய ஆரம்பப் பாடசாலைகளில் மடிக்கணினித் திட்டத்தை ஆராய்ந்தார்கள். 2012இல் வந்த முடிவு: கணினிகள் பெருகின, கணிதமும் மொழியும் முன்னேறியதாகத் தெரியவில்லை. பாடத்தோடு கணினியை இணைக்காததே பெரிய குறை.

பெரியமடுவில் நாமும் இதை யோசிக்க வேணும். ‘தரம் 3க்கு என்ன வீடியோ போடுவம்?’ என்று தொடங்காமல், ‘இன்று புள்ளை எதைச் செய்யப் பழக வேணும்?’ என்று தொடங்குவோம். 52இலிருந்து 27ஐக் கழிக்க ஈர்க்குக் கட்டுகளே போதும். பத்துக் கட்டொன்றை அவிழ்த்தால் கடன் வாங்குவது கையிலேயே விளங்கும். ல, ள, ழ பிரித்து வாசிப்பதுதான் இலக்கென்றால், புள்ளையின் வாசிப்பைப் போனில் பதிந்து அதற்கே போட்டுக் காட்டுங்கள். தன் பிழை தனக்கே கேட்கும். கரும்பலகையால் அது ஏலாது.

1990இல் வெளியேற்றப்பட்டு, மீண்டுவந்து குடியேறிய சமூகம் நாம். புள்ளைகளின் பாடநேரத்தையும் இழக்க ஏலாது.